வரைகலை மென்பொருளும் தமிழெழுத்தும்

கல்லூரிகளில் துறைதோறும் இணையதளம் அமைக்கும் ஆர்வம் இன்று பெருகியிருக்கின்றது. விழா அழைப்பிதழும், கருத்தரங்க அறிவிப்பும், ஆய்வுக் கட்டுரையும், பழைய மாணவர் பட்டியலும் இணையத்தில் ஏற வேண்டுமென்று நிருவாகத்தார் விரும்புகின்றனர், மாணாக்கரும் விரும்புகின்றனர். அப்பணியில் இறங்கும் மாணவர் முதலில் கேட்கும் வினா, "படங்களையும் தலைப்பெழுத்துகளையும் அமைக்க எந்த மென்பொருளைக் கற்பது?" என்பதே. இதற்குக் கணினித் துறையினர் விடை கூறட்டும், தமிழாசிரியருக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வேலை இருக்கிறது. வரைகலை மென்பொருள் படத்தை மட்டும் வரைவதில்லை; எழுத்தையும் அதுவே வரைகின்றது. அவ்வெழுத்து தமிழாக இருக்கும்போது, அது உருக்குலையாமல் வருகிறதா என்று பார்ப்பது தமிழ்த்துறையின் கடமையேயன்றிப் பிறர் கடமையன்று.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். இணையப் பக்கம் அமைக்கத் தொடங்கும் மாணவர் இங்க்ஸ்கேப், கிம்ப் என்னும் இரு கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு தொடங்குவதே நன்று. ஊரெங்கும் வழங்குகிறது என்பதற்காக ஃபோட்டோஷாப்பின் திருட்டுப் படியொன்றை மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு தொடங்குவது தமிழுக்கும் நன்றன்று. நம் சமுதாயம் போற்றும் நேர்மைக்கும் நன்றன்று.

கணினியில் படம் இருவகையாக அமைகிறது. ஒன்று புள்ளிகளால் ஆன படம். பத்தமடைப் பாயில் கோரை இழைகள் நெருங்கிச் சேர்ந்து ஓர் உருவத்தைத் தருவதுபோல, எண்ணற்ற வண்ணப் புள்ளிகள் சேர்ந்து இதனைத் தருகின்றன. நிழற்படம் இவ்வகையைச் சார்ந்தது. மிகப் பெரிதாக்கினால் விளிம்புகள் படிக்கட்டாகத் தெரியும். மற்றொன்று கோடுகளால் ஆன படம். இந்த மையத்திலிருந்து இவ்வளவு ஆரத்தில் ஒரு வட்டம், அதன்மேல் இந்தக் கோணத்தில் ஒரு கோடு என்று கொத்தனார் நூல்பிடித்துக் கணக்குச் சொல்வதுபோல, இப்படம் கணக்காகவே சேமிக்கப்படுகிறது. அஞ்சல்தலை அளவிலும் சுவரளவிலும் இதன் தெளிவு ஒன்றே. கல்லூரி இலச்சினை இரண்டாம் வகையில் இருக்க வேண்டும். ஆண்டு விழாவில் எடுத்த நிழற்படம் முதல்வகையில்தான் இருக்க முடியும். ஃபோட்டோஷாப்பும் கிம்ப்பும் முதல்வகைக்கு உரியவை. கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் ஆகியன இரண்டாம் வகைக்கு உரியவை. இவ்வேறுபாட்டை அறியாது "எது சிறந்தது?" என்று கேட்பது, உளி சிறந்ததா இழைப்புளி சிறந்ததா என்று தச்சரிடம் கேட்பது போன்றது. இரண்டும் வேண்டும்.

கிம்ப், 1995இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் தொடங்கிய பணி. 1996இல் பொதுமக்கள் கைக்கு வந்தது. மாணவர் செய்த மென்பொருள் என்பதை மாணவர் நினைவில் வைப்பது நல்லது. இங்க்ஸ்கேப் 2003இல் சோடிபோடி என்னும் முந்தைய மென்பொருளினின்று கிளைத்து, 2020இல் தன் முதல் முழுப் பதிப்பை எட்டியது. பொறுமையுடன் வளர்ந்த பயிர்கள் இவை.

இனி எழுத்துக்கு வருவோம். 'கொடை' என்னும் சொல்லை எழுதுகையில் ஒற்றைக்கொம்பு ககரத்திற்கு முன்னும், கால் அதற்குப் பின்னுமாக நிற்கின்றன. ஒலிப்பிலோ ககர மெய்யே முந்தியது. ஆதலின் கணினியின் ஒருங்குறி முறையும் ககரத்தை முதலில் வைத்து, உயிர்க்குறியைப் பின்னர் வைக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை எடுத்து முன்னே நிறுத்தும் பொறுப்பு மென்பொருளுடையது. அதனைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பு ககரத்திற்குப் பின்னே விழுந்து கிடக்கும். உகர ஊகாரக் குறிகள் எழுத்தோடு இணைந்து உருமாறாமல், ஒட்டுப் போட்டதுபோல் தள்ளி நிற்கும். 'கொடை' கொடையாக இராது. படிப்பவர் அதனைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தமிழ் எழுத முயன்றவர் பலரும் கண்ட காட்சி இது. பின்வந்த பதிப்புகளில், தெற்காசிய மொழிகளுக்குரிய எழுத்துப் பொறியை விருப்ப அமைப்புகளுக்குள் தேடிச்சென்று இயக்கினால் எழுத்து நேராகும் என்னும் நிலை வந்தது. அண்மைப் பதிப்புகளில் அத்தொல்லையும் பெரும்பாலும் நீங்கிவிட்டது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் நம் மாணவர் கையில் இருப்பது அண்மைப் பதிப்பா? நண்பரிடமிருந்து நண்பருக்குக் கைமாறி வந்த, ஆண்டு பல கடந்த படியன்றோ!

அப்போது அவர் என்ன செய்கிறார்? 1990களில் அச்சகங்கள் கைக்கொண்ட வழிக்கே திரும்புகிறார். ஆங்கில எழுத்தின் இருப்பிடத்தில் தமிழுருவை வைத்துச் செய்த பாமினி போன்ற எழுத்துருவால் தட்டச்சு செய்கிறார், அதனைப் படமாக்குகிறார், அப்படத்தை இணையப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறார். சுவரொட்டிக்கும் திருமண அழைப்பிதழுக்கும் இம்முறை பொருந்தியது. அங்கே மை காகிதத்தில் ஏறியதோடு வேலை முடிந்தது. இணையத்தில் அப்படியன்று. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும் அது, கணினிக்கு வெறும் வண்ணப் புள்ளிகளின் குவியல். தேடுபொறியில் அவ்வறிவிப்பின் சொற்களைத் தட்டினால் அப்பக்கம் அகப்படுவது அரிது. அகன்ற திரைக்கு அமைத்த எழுத்து கைப்பேசியில் எறும்பு ஊர்வதுபோல் சுருங்கிவிடும். அதிலுள்ள ஒரு வரியை மேற்கோளாக எடுத்துக்கொள்ள விரும்பும் ஆய்வு மாணவர் அதனை மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டும்.

இவற்றினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. தமிழ் இலக்கிய வகுப்புகளில் பார்வையற்ற மாணவரைக் காண்பது அரிதன்று. அவர்களுள் கணினி பழகியோர், திரையிலுள்ள எழுத்தை ஒலியாக்கிப் படித்துக்காட்டும் மென்பொருளைப் பயன்படுத்துகின்றனர். ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கப்பெற்று விலையின்றி வழங்கப்படும் என்விடிஏ அத்தகையது. அது தமிழையும் படிக்கும். தேர்வு நாள் அறிவிப்பு எழுத்தாக இருந்தால் அம்மாணவர் பிறர் துணையின்றித் தாமே கேட்டறிவார். அதே அறிவிப்பு படமாக இருந்தால், அங்கே ஒரு படம் இருக்கிறது என்று மட்டும் அக்குரல் சொல்லிவிட்டுக் கடந்து போகும். வண்ணப் பின்னணியில் மலர்களும் மினாராக்களும் சூழ எவ்வளவு அழகாக அமைத்திருந்தாலும், அம்மாணவரைப் பொறுத்தவரை அது வெற்றுத்தாள். மென்பொருள் தேர்வு என்பது சுவை பற்றிய செய்தி மட்டுமன்று என்று நான் வாதிடுவது இதனாலேயே.

ஆகவே இணையப் பக்கத்தில் எழுத்து எழுத்தாகவே இருத்தல் வேண்டும். ஒருங்குறித் தமிழில், திறந்த எழுத்துருவில் இருத்தல் வேண்டும். நோட்டோ, முக்த மலர், மீரா இனிமை எனத் தமிழுக்கு நல்ல எழுத்துருக்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. இலச்சினை, முகப்புத் தலைப்பு போன்று எழுத்தை வரைந்தே தீரவேண்டிய இடங்களில் இங்க்ஸ்கேப் துணை செய்யும். அங்கும் எழுத்தாக உள்ள மூலக்கோப்பைத் தனியே காத்துக்கொண்டு, இணையத்திற்கு அனுப்பும் படியில் மட்டும் எழுத்தைக் கோடாக மாற்றுக. படத்தோடு அதன் பொருளைக் கூறும் மாற்றுரையையும் சேர்த்து எழுதுக. ஒரு வரி எழுத இரண்டு நிமிடம் ஆகாது.

இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும் தமிழை ஒழுங்காகக் காட்டுவதற்குக் காரணமான எழுத்துப் பொறியின் பெயர் ஹர்ஃப்பாஸ். நம் வீட்டுப் பிள்ளைகள் மதரஸாவில் முதல்நாள் கற்கும் 'ஹர்ஃபு' என்னும் சொல்லே அதன் முற்பகுதி. பாரசீகத்தில் 'பாஸ்' என்றால் திறந்தது என்று பொருள். திறந்த எழுத்து என்பது பெயரின் கருத்து. ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்பொத் இதனை வளர்த்தவர்களுள் தலையானவர். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் எழுத்தைக் கோத்துத் தருவதும் இதுவே. வலமிருந்து இடமாக இணைந்தோடும் அரபும், கொம்பு முன்னே நிற்கும் தமிழும் ஒரே பொறியில் செம்மையாக வருகின்றன. நம் மலர்களின் முகப்பில் அரபெழுத்தும் தமிழெழுத்தும் அருகருகே நிற்பது மரபு. அரபுத்தமிழ் வளர்த்த சமுதாயத்தார்க்கு இதனினும் பொருத்தமான கருவி வேறென்ன வேண்டும்? அரபுக்கு அமீரி என்னும் நஸ்கு எழுத்துரு இருக்கிறது. எகிப்தின் பழைய பூலாக் அச்சகத்தின் எழுத்தைப் பின்பற்றி அமைத்தது. அதுவும் விலையின்றிக் கிடைக்கும்.

நேர்மை பற்றிய பேச்சில் நான் விட்டுக்கொடுப்பதற்கில்லை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. அச்சட்டத்தில் 1994இல் செய்த திருத்தம், திருட்டுப் படி என்று தெரிந்தே அதனைக் கணினியில் பயன்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கியது. 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் அதற்குரியவை. ஆதாயம் கருதாது பயன்படுத்தியவர்க்குச் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்திற்கு இடமுண்டு. மாணவர் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும்.

சமுதாயப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதெமி, நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப்பெயர் ஆகியவற்றின் உரிமைகள் ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறல் கூடாது என முடிவு செய்துள்ளது. உலமாப் பெருமக்கள் இதனை நன்கறிவர். ஆயினும் ஹலால், ஹராம் பற்றி உணவிலும் வணிகத்திலும் நுணுகிப் பார்க்கும் நாம், கணினிக் கூடத்தில் ஏறியிருக்கும் மென்பொருளின் உரிமத்தை ஒருமுறையேனும் கேட்டதுண்டா? "கோடி கோடியாய் ஈட்டும் அயல்நாட்டு நிறுவனத்திற்கு ஏழை மாணவர் ஒருவரால் என்ன நட்டம் வந்துவிடும்?" என்று கேட்பாருளர். தோப்புக்காரர் செல்வந்தர் என்பதற்காக அவர் தோப்பில் தேங்காய் பறித்து வந்தால் எந்த வீட்டுப் பெரியவரும் அதனை அடுப்படிக்குள் விடமாட்டார். தேங்காய்க்கு ஒரு நீதி, மென்பொருளுக்கு ஒரு நீதியா?

விலை கொடுத்து வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அடோபி நிறுவனம் 2013 முதல் தன் புதிய பதிப்புகளை ஒருமுறை விற்பதை விடுத்து, சந்தா முறைக்கு மாறிவிட்டது. சந்தா நின்றால் மென்பொருளும் நிற்கும். மாணவர்க்குச் சலுகை உண்டெனினும், படிப்பு முடிந்ததும் சலுகையும் முடியும். விடுதிக் கட்டணத்திற்கே தவணை கேட்டு நிற்கும் பிள்ளைக்கு இது தாங்குமா?

கட்டற்ற மென்பொருளின் உரிமத்தை நம்மவர்க்கு விளக்க எளிய வழி ஒன்றிருக்கிறது. ஒருவர் கிணறு வெட்டி வக்ஃபு செய்துவிட்டால் ஊரார் எவரும் நீர் மொள்ளலாம். எவரும் அதனைத் தமக்கே உரியதென்று வேலி போட்டுக்கொள்ள முடியாது. கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் வெளிவரும் பொது உரிமமும் ஏறத்தாழ அத்தகையதே. எவரும் பயன்படுத்தலாம், படியெடுத்துத் தரலாம், உள்ளே திறந்து பார்த்துத் திருத்தலாம். திருத்தியதைப் பிறர்க்கு வழங்கும்போது அதே உரிமையோடு வழங்க வேண்டும். படிக்குக் காசு வாங்கக்கூடத் தடையில்லை. வாசலை அடைக்கத்தான் தடை. ஒப்புமையை மிக இழுத்தால் அறுந்துவிடும். நம் பிள்ளைகள் நாணாமல் மொள்ளக்கூடிய கிணறு இது என்பதைச் சொல்லவே கூறினேன்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. வேலைக்கு அழைப்போர் ஃபோட்டோஷாப் தெரியுமா என்றுதான் கேட்கின்றனர்; அச்சகத்தார் கோரல்டிராவைத்தான் கேட்கின்றனர். இது மெய்யே. கிம்ப்பின் பட்டியல்கள் புதியவரைத் திணறச் செய்யும் என்பதும் மெய்யே. முதல் வாரம் எரிச்சலூட்டும். அச்சுக்குரிய நான்கு மை வண்ணமுறையிலும் அது பின்தங்கியே இருந்து வந்துள்ளது. ஆனால் நாம் பேசுவது இணையப் பக்கம் அமைக்கத் தொடங்கும் மாணவரைப் பற்றி. இணையத்திற்கு வேண்டியது சிவப்பு, பச்சை, நீலம் என்னும் ஒளி வண்ணமுறையே. மேலும், அடுக்கு என்பது என்ன, மறைப்பு என்பது என்ன, வளைகோட்டை அதன் பிடிகளால் வளைப்பது எப்படி என்பனவற்றைக் கற்ற கை, எந்த மென்பொருளிலும் ஓடும். ஒரு நிறுவனத்தில் தையல் எந்திரம் மாறினால் தையற்காரர் தொழிலை மறந்துவிடுவதில்லையே!

ஒரே கருவியை நம்பியிருந்தோர் பட்ட பாட்டையும் நினைக்க வேண்டும். இணைய வரைகலைக்கென்றே 1998இல் வந்தது மேக்ரோமீடியாவின் ஃபயர்வொர்க்ஸ். 2005இல் மேக்ரோமீடியாவை அடோபி வாங்கியது. 2013இல் ஃபயர்வொர்க்ஸின் வளர்ச்சியை நிறுத்திவிட்டது. அசையும் படங்களுக்கு வேதமாகக் கொள்ளப்பட்ட ஃபிளாஷ் 2020 இறுதியோடு விடைபெற்றது. நம் அச்சுக்கூடங்களை ஆண்ட பேஜ்மேக்கரின் கதையும் அதுவே. அவற்றில் செய்து வைத்த கோப்புகளைத் திறக்க இன்று பழைய கணினியைத் தேடியலைய வேண்டியிருக்கிறது. இங்க்ஸ்கேப் தன் படத்தை எஸ்விஜி என்னும் வடிவிலேயே சேமிக்கிறது. அது தனியொரு நிறுவனத்தின் உடைமையன்று. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2001இல் வகுத்த பொது வடிவம். உலாவி அதனை நேரே காட்டும். நாளை இங்க்ஸ்கேப்பே மறைந்தாலும் படம் மறையாது.

கேன்வா போன்ற இணையவழிக் கருவிகளையும் சிலர் பரிந்துரைக்கின்றனர். அவசரத்திற்கு உதவும், குறை கூறேன். ஆனால் பிறர் வரைந்த அச்சில் பெயரை மாற்றிப் போடுவது கற்றல் ஆகாது. மீலாது வாழ்த்தும் பெருநாள் வாழ்த்தும் ஊருக்கு ஊர் ஒரே பிறை, ஒரே விளக்கு, ஒரே தங்க வண்ணமாக வருவதைப் பார்த்து எனக்குச் சலிப்பாக இருக்கிறது. சொன்னதும் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவு பற்றித் தனியே எழுத வேண்டும், ஈண்டு விடுகிறேன்.

தொடங்கும் மாணவர் எங்கே தொடங்குவது? கிம்ப்பில் ஒரு நிழற்படத்தைத் திறந்து அதன் அளவைக் குறைப்பதில் தொடங்கலாம். கைப்பேசியில் எடுத்த படம் 4000 புள்ளி அகலம் இருக்கும். துறையின் பக்கத்திற்கு 1200 புள்ளி போதும். அப்படியே ஏற்றினால் பல மெகாபைட். குறைத்து ஜேபெக் வடிவில் சேமித்தால் அதில் சிறுபகுதிதான். சிற்றூரில் மெல்லிய இணைப்பில் பக்கத்தைத் திறக்கும் பெற்றோர்க்கு இது பேருதவி. நிழற்படத்திற்கு ஜேபெக், பின்னணி தெரிய வேண்டிய படத்திற்கு பிஎன்ஜி, இலச்சினைக்கு எஸ்விஜி என்று கொண்டால் தொடக்கத்திற்குப் போதும்.

இங்க்ஸ்கேப்பில் முதற்பாடம் இன்னும் சுவையானது. ஒரு சதுரம் வரைக. அதனைப் படியெடுத்து 45 பாகை திருப்புக. இரண்டையும் ஒன்றாக்குக. எண்முனை விண்மீன் வந்துவிடும். கிரானடா முதல் சமர்கந்து வரை பள்ளிவாசல் சுவர்களிலும் அரண்மனைச் சுவர்களிலும் காணும் அதே விண்மீன். உருவம் வரைவதைத் தவிர்த்த நம் முன்னோர் கோணத்திலும் கொடியிலும் கலை வளர்த்தனர். கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியின் கற்செதுக்கல்களைப் பார்த்தோர் இதனை அறிவர். தளத்தை ஒரே வடிவத்தால் நிரப்புவதற்குரிய சமச்சீர் வகைகள் மொத்தம் 17 என்பது கணித நூலார் நிறுவிய உண்மை. அந்த 17 வகையும் இங்க்ஸ்கேப்பில் ஒரே கட்டளையின் கீழ்த் தேர்வுகளாக அமைந்திருக்கின்றன. கணிதத் துறை மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் அருகமர்ந்து செய்யத்தக்க பயிற்சி இது. அவ்வாறு வரும் கோலமொன்றைத் துறைப் பக்கத்தின் கரையாக வைத்தால் அது வேறெந்தக் கல்லூரியின் பக்கத்தையும் ஒத்திராது. அண்டையிலுள்ள கேரளத்தில் அரசுப் பள்ளிப் பாடநூல்கள் இவ்விரு மென்பொருள்களைக் கொண்டே சிறுவர்க்கு வரைகலையைக் கற்பித்து வந்துள்ளன. பள்ளிச் சிறுவர்க்கு இயலுவது பட்ட வகுப்பினர்க்கு இயலாதா?

கணினிக் கூடத்திற்கு நன்கொடை வழங்கும் பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். மென்பொருளுக்கென்று தனியே பணம் ஒதுக்க வேண்டாம். அத்தொகையில் கணினிகளின் நினைவகத்தைக் கூட்டித் தாருங்கள். பெரிய படத்தைத் திறந்தால் கிம்ப் நினைவகத்தைத்தான் முதலில் கேட்கும். எஞ்சியதில் நல்லதொரு வருடி வாங்கலாம். அட்டை கிழிந்தும் தாள் பழுத்தும் நூலக அலமாரிகளில் உறங்கும் பழைய ஆண்டு மலர்களை மாணவர் பக்கம் பக்கமாக வருடி, கிம்ப்பில் கறை நீக்கி, கட்டுரைகளை ஒருங்குறியில் தட்டச்சு செய்து ஏற்றட்டும். துறையின் இணையதளத்தில் முதலில் ஏற வேண்டியவை அவையே.